சாட்சி யார் சொல்வது?

கேள்வி: காரின் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டலாமா?
(வாசகர், மதுரை)

ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள், சிவப்பு விளக்கில் நில்லுங்கள், தேங்கிய மழைத் தண்ணீரை நடந்து போகிறவர் மேல் வாரி இறைக்காதீர்கள். பின்னால் வருகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது, வசனம்தான் தெரியும். நீங்கள் குறுக்கே வெட்டிப் போனால் திட்டு விழுவதும் அதன்மேல்தான்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்?
(இல்லத்தரசி, திருச்சி)

முழங்காலிலிருந்து எழுந்து வந்ததும், பால் பொங்கி வழிந்திருக்கிறது. அடுப்படியில் நிற்கிற மருமகளிடம் நீங்கள் பேசுகிற முதல் வார்த்தை என்ன? அந்த வார்த்தை மென்மையாக வருகிற அளவுக்கு ஜெபித்தால் போதும்.

கேள்வி: எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 4,000 ரூபாய்க்கு எடுத்தேன். மனைவி கோபிக்கிறார். தவறா?
(வியாபாரி, நாசரேத்)

தவறில்லை. அது காய்க்கு விலை இல்லை, காணிக்கை என்று பந்தலில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு முட்டை 500 ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் ஏறும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பாட்டிமாரிடமிருந்து நமக்கு வந்த தாராளம் இது. குறை சொல்ல எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை காலையைப் பற்றித்தான் கேட்கிறேன். வாசலில் கீரைக்காரம்மா வருகிறார். இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து வந்த கீரை. கட்டு 20 ரூபாய் என்கிறார். உங்கள் வீட்டில் 15-க்குக் கேட்பீர்களா, மாட்டீர்களா? பந்தலில் கை தட்ட ஊரே இருந்தது. வாசலில் யாரும் இல்லை. இடது கைக்குத் தெரியாமல் வலது கை செய்ய வேண்டிய தர்மத்துக்கு வாசல்தான் வசதியான இடம்.

கேள்வி: அரசு அலுவலகத்தில் வேலை. எனக்கு மேலும் கீழும் இருப்பவர்கள் வாங்குகிறார்கள். வாங்காவிட்டால் இடமாற்றம் வரும். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா?
(சகோதரர், விழுப்புரம்)

வேண்டாம், தம்பி. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் ஆயத்துறையைவிடக் கெட்ட பெயரெடுத்த வேலை கிடையாது. அப்படியும் வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகர்களிடமும் சம்பளத்தோடு திருப்தியாயிரு என்றுதான் சொன்னார். நீங்கள் எழுந்து போனால் அந்த நாற்காலி காலியாகவா கிடக்கும்?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவராகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் பிழைத்தது முன்சீப் வேலையில். கத்தோலிக்கர். 1859-ல் வந்த 'நீதிநூ'லில் கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துத் தனியாகவே பாடினார். 1876-78 பெரும் பஞ்சத்தில் தன் கைப்பொருளைப் பசித்தவர்களுக்குக் கஞ்சியாக ஊற்றினார். அதைப் பார்த்து அவரைப் புகழ்ந்து பாடினவர் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

இடமாற்றம் வரலாம், அதை நான் மறைக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளி, வாடகை வீடு, மனைவியின் வேலை எல்லாம் கலையும். அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். மிஷனெரிகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிற சபை, வாங்காத குமாஸ்தாவுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும். புது ஊரில் வீடு பார்த்துக் கொடுக்கவும் இரண்டு பேர் கூட வரட்டும்.

கேள்வி: நாங்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டில் எதுவுமே கேட்கவில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று மட்டும்தான் சொன்னோம். இதில் என்ன குற்றம்?
(ஒரு தாயார், நாகர்கோவில்)

அம்மா, அந்த ஒரு வாக்கியத்துக்கு உங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், பெண்ணைப் பெற்றவருக்கும் தெரியும். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனசுக்குள் பவுனை எண்ணத் தொடங்கியிருப்பார். உங்கள் மூத்த மருமகள் போட்டு வந்தது எவ்வளவு, மாப்பிள்ளையின் படிப்புக்கு ஊரில் என்ன மதிப்பு, எந்த நிலத்தை விற்றால் எவ்வளவு தேறும் என்று ராத்திரி முழுக்கக் கணக்கு ஓடும்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கொடுப்பது, வாங்குவது, கேட்பது மூன்றும் குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆலயத்துக்கு வாருங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்கிறார்கள். வட்டிக்கு வாங்கிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்ணின் தகப்பன் நாலாவது பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்து சொல்ல அவருக்கு வாய் வருமா?

இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால் காலம் கடந்துவிடவில்லை. போன் வேண்டாம், நேரில் போங்கள். "எதுவும் கேட்கவில்லை" என்று சொன்ன வாயாலேயே "எதுவும் வாங்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்குவார்கள்.

கேள்வி: என் மகள் வேறு சாதிக் கிறிஸ்தவப் பையனை விரும்புகிறாள். நல்லவன், நல்ல வேலை, பாடகர் குழுவில் பாடுகிறவன். ஆனால் சொந்தபந்தம் ஒத்துக்கொள்ளாது. இதை மறுத்துச் சொல்ல வேதத்தில் ஆதாரம் உண்டா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

இல்லை, ஐயா. தேடினால் எதிர்ப்பக்கம்தான் கிடைக்கும். எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டினதற்காக மோசேயைக் குறை பேசினாள் மிரியாம். குஷ்டம் பிடித்தது மோசேயை இல்லை, மிரியாமை. மோவாபியப் பெண்ணான ரூத்தை போவாஸ் கட்டினார். அவள் பெயர் மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே இருக்கிறது.

உங்கள் ஊருக்குத் தெற்கே வடக்கன்குளம் இருக்கிறதே, 1745-ல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், உயர்குடி என்று ஊர் வணங்கிய குடும்பம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு, தீண்டக் கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், கூட உட்கார்ந்து சாப்பிட்டார். பலருக்கு அது பொறுக்கவில்லை. சிறையில் அடைத்தார்கள், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நம்மவர்கள் பட்டாசு வெடித்தோம்.

அதே வடக்கன்குளத்தில் பிற்பாடு எழுந்த கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. பீடம் ஒன்று, சபை இரண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் மற்றச் சாதிகள். பீடத்தில் நின்று பார்த்தால் கோயில் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து போகும். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகச் செத்தவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் இது. 1910-ல் பங்குச் சாமியார் காசானல் அந்தச் சுவரை இடித்தார். வழக்குப் போட்டார்கள். சுவர் மறுபடி எழவில்லை.

இன்று ஆலயத்துக்குள் செங்கல் சுவர் இல்லை. அது சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கும், எல்லா ஊரிலும் "மணமகள் தேவை" பத்திக்கும் குடிபோய்விட்டது. "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற" என்று தொடங்கி அடுத்த சொல்லிலேயே சாதியைப் போடுகிற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஐயா, முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றிருப்பீர்கள். எந்தப் பிள்ளையிடமும் சாதி கேட்டுவிட்டா பாடம் சொன்னீர்கள்? உங்கள் மகள் உங்களிடம் கற்றதைத்தான் செய்கிறாள். ஓலை வாசிக்கிற ஞாயிறு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். சொந்தபந்தம் கொஞ்ச நாள் பேசும். பேரப்பிள்ளை பிறந்தால் அவர்களும் வருவார்கள்.

கேள்வி: எங்கள் முழு இரவு ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் போலீசில் புகார் கொடுக்கிறார்கள். இது விசுவாசத்துக்காக வரும் உபத்திரவம் தானே?
(போதகர், திருப்பூர்)

இது ஒலிபெருக்கியால் வரும் உபத்திரவம், பாஸ்டர். அனுபவிக்கிறவர்கள் எதிர்வீட்டார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. உங்கள் ஊரில் பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து படுத்தவரும், காலையில் தேர்வு எழுதப் போகிற பிள்ளையும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஆண்டவர் இரவு முழுவதும் ஜெபிக்க மலைமேல் ஏறினார். அடிவாரத்தில் யாருடைய தூக்கமும் கெடவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுப் பாடுங்கள். விடிந்ததும் அந்த வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்காவது சுகமில்லை என்றால் உங்களைத் தேடி வருவார்கள்.

கேள்வி: பள்ளிக்குப் போகிற அவசரத்தில் பைபாஸில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து 108-ஐ அழைத்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன். மனசு உறுத்துகிறது.
(ஆசிரியை, திண்டிவனம்)

அழைத்தீர்களே, அது பாதி. மீதிப் பாதிக்குத்தான் மனசு உறுத்துகிறது. அந்தப் பயத்துக்கு இப்போது காரணம் இல்லை, சகோதரி. விபத்தில் உதவுகிறவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென ஒரு பிரிவு சேர்ந்தது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது. உதவியதற்காக உங்கள்மேல் வழக்கும் வராது. அந்தப் பிரிவுக்கு நாடாளுமன்றம் வைத்த பெயரே நல்ல சமாரியன். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிற திட்டமும் நடக்கிறது.

உறுத்தலை மட்டும் சீக்கிரம் ஆற்றிவிடாதீர்கள். உங்கள் ஊர் திண்டிவனத்திலேயே அப்படி உறுத்திய ஓர் இரவு உண்டு. நோயாய்க் கிடந்த தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள் ஒரு பெண். சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக மூன்று கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றாள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவள் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தாள். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவள் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஐடா ஸ்கட்டர் பற்றித்தான் சொல்கிறேன்.

முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வாருங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: காலையில் வசனம் அனுப்புகிற வாட்ஸ்அப் குழுவிலேயே பொய்ச் செய்தியும் வருகிறது. என்ன செய்ய?
(வாசகி, கோவை)

அனுப்பியவரிடம் தனியே சொல்லுங்கள். பிற மதத்தாரைப் பற்றிய பொய் என்றால் குழுவிலேயே, எல்லோரும் பார்க்கச் சொல்லுங்கள். பொய்ச் சாட்சிக்கு எதிரான கட்டளை நாக்குக்கு மட்டும் இல்லை, பகிர்கிற விரலுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: விடுதி அறையில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். நண்பர்களுக்கு எப்படிச் சுவிசேஷம் சொல்வது?
(பொறியியல் மாணவர், தஞ்சாவூர்)

முதலில் அவர்களிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுங்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வந்து பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் பண்டிகைக்கு ஊருக்குக் கூப்பிட்டால் மகிழ்ச்சியாகப் போய் அவர்கள் அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுங்கள்.

ஒரு ஞாயிறு சிவகங்கைப் பூங்கா பக்கம் போய் ஸ்வார்ட்ஸ் ஆலயத்தைப் பாருங்கள். 1779-ல் ஆங்கிலேயர் தன்னிடம் தூது அனுப்ப வேண்டுமென்றால் இந்த மனிதரை அனுப்பட்டும், இவர் ஏமாற்ற மாட்டார் என்று ஹைதர் அலியே கேட்டு வாங்கிய போதகர் ஸ்வார்ட்ஸ். இரண்டாம் சரபோஜி சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பாதுகாப்பாக நின்று படிக்க வைத்தவரும் அவரே. 1798-ல் ஸ்வார்ட்ஸ் இறந்தார். லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்து வைத்தார் சரபோஜி. படுக்கையில் முதியவர், அவர் கையைப் பற்றி நிற்கிறார் மன்னர். சரபோஜி மதம் மாறவில்லை. அந்தக் கையை விடவும் இல்லை.

கேள்வி: மளிகைக்கடை வைத்திருக்கிறேன். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். மேடையேறினால் எனக்கு நாக்கு எழவில்லை.
(சகோதரர், விருதுநகர்)

தன் வழக்குக்குத் தானே சாட்சி சொன்னால் எந்த நீதிமன்றமும் அதை முழுசாக நம்பாது. பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் மளிகைக்கடைக்காரர். பருப்பும் புளியும் பழைய செய்தித்தாளில் மடித்துக் கட்டிக் கொடுத்த காலம். தராசின் ஒரு தட்டில் எடைக்கல்லை வைப்பார். பொட்டலத்துக்கு எடுத்த அதே அளவுத் தாள் ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்து அந்தக் கல்லின் மேல் வைப்பார். காகிதத்தின் எடை வாங்குகிறவர் தலையில் விழக்கூடாது. பிறகுதான் எதிர்த்தட்டில் தாளை விரித்துப் பருப்பைக் கொட்டுவார். முள் நடுவில் நின்ற பிறகும் விரல் நுனியால் ஒரு சிட்டிகை போட்டு, தட்டு கொஞ்சம் தாழ்ந்ததும் எடுப்பார். ஏன் என்று அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. சபையில் அவர் ஒரு நாளும் எழுந்து நின்று பேசியதில்லை.

அவரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பாட்டி நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "காயிதத்துக்கும் எதிர்க்கல்லு வச்ச மனுசன்யா" என்றார். அன்றைக்கு மூன்று பேர் இரங்கல் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது அந்தப் பாட்டி சொன்னது ஒன்றுதான்.

மேடையை விட்டுவிடுங்கள், சகோதரரே. உங்கள் மின்னணுத் தராசில் முத்திரை போட்ட தேதி தாண்டிவிட்டதா என்று நாளைக்குக் கடை திறந்ததும் பாருங்கள்.

கேள்வி: பத்தொன்பது வயது மகன். ஆலயத்துக்கு வர மாட்டேன் என்கிறான். எவ்வளவோ கண்டித்துவிட்டேன்.
(தந்தை, தூத்துக்குடி)

கண்டித்தது போதும். ஞாயிறு மதியம் கறிக்குழம்பு பரிமாறும்போது உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று யோசியுங்கள். ஐயரின் பிரசங்கம் நீளம், கமிட்டித் தேர்தலில் யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார், இன்னார் மனைவி கட்டியிருந்த சேலை. அவன் சின்ன வயதிலிருந்து அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். காரணம் அதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவனுக்கு வேறு கேள்விகள் இருக்கலாம், மனசில் காயம் இருக்கலாம். ஒரு நாள் அவனோடு கடற்கரைக்கு நடந்து போங்கள். "நீ ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள். "நான் எங்கே தப்பினேன்" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அது உங்களுக்குக் கடினமாக இருக்கும், தெரியும்.

கேள்வி: உங்கள் பதில்களில் கூலி, தராசு, பவுன், கீரைக்கட்டு என்றே வருகிறது. பரிசுத்தத்தைப் பற்றி எழுதக் கூடாதா?
(வாசகர், சென்னை)

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். லேவியராகமம் 19-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பரிசுத்தமாயிருக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. அடுத்தடுத்து என்ன வருகிறது? அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட வேண்டும். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது. குருடன் வழியில் தடுக்கல் வைக்கக் கூடாது. தராசும் படியும் சரியாக இருக்க வேண்டும். பிறனை உன்னைப் போல நேசிக்கச் சொல்வதும் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. சகேயு வீட்டில் ஆண்டவர் விருந்துக்குப் போனார். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்றார்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவது மாதத்தின் முதல் வாரம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்குப் போன மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் இதழை இப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். லீவு போட்ட இரண்டு நாளுக்குப் பிடிக்காதீர்கள்.